துண்டு விழுவது யார் கணக்கில்?

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் பிறந்ததும் டில்லியிலே வரவு செலவுத் திட்டம் படிக்கப்படுகிறது. மறுநாள் காலை ஏடுகளைப் புரட்டுகிறோம். எந்தப் பொருளுக்கு விலை ஏறும், எதற்கு இறங்கும், மாதச் சம்பளக்காரருக்கு வரியிலே என்ன சலுகை என்று தேடிப் படிக்கிறோம். அதே பக்கத்தின் ஒரு மூலையிலே, கட்டம் கட்டி, ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். நிதிப் பற்றாக்குறை, நாட்டின் மொத்த உற்பத்தியிலே இத்தனை விழுக்காடு என்று அது சொல்லும். அது பொருளாதாரம் கற்ற பேராசிரியர்களுக்குரிய சங்கதி என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பி விடுகிறோம்.

தோழர்களே, திருப்பிவிடக் கூடாத பக்கம் அது. மயிலை மாடவீதியிலே காய்கறி பேரம் பேசும் தாய்க்கும், தியாகராய நகரின் துணிக்கடையிலே காலைமுதல் இரவுவரை நின்றபடி வேலை செய்யும் தம்பிக்கும், அடையாற்றுப் பாலத்தின்மீது பேருந்துக்குள் நெரிபட்டுச் செல்லும் தொழிலாளிக்கும் அந்த எண்ணோடு நேரான தொடர்பு உண்டு. அவர்கள் வீட்டருகே பூமிக்கடியில் தோண்டப்பட்ட சுரங்கமே அதற்குச் சாட்சி. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றுமுன், எண்ணின் பொருளை முதலில் தெரிந்துகொள்வோம்.

எண்ணின் பொருள்

2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய சர்க்கார் வகுத்த வரவு செலவுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 50 லட்சத்து 65 ஆயிரம் கோடி ரூபாய். கடன் நீங்கலாகக் கைக்கு வரக்கூடிய வரவு 34 லட்சத்து 96 ஆயிரம் கோடி. இடையே விழுகிற துண்டு 15 லட்சத்து 69 ஆயிரம் கோடி. அந்தத் துண்டைக் கடன் வாங்கி ஒட்ட வேண்டும். இதற்குத்தான் நிதிப் பற்றாக்குறை என்று பெயர்.

இந்தப் பெருந்தொகையை அப்படியே சொன்னால் கேட்பவர் திகைப்பர். ஆகவே, நாட்டு மக்கள் அனைவரும் ஓராண்டில் உழைத்து உண்டாக்கும் மொத்த உற்பத்தியின் மதிப்போடு அதை ஒப்பிடுகிறார்கள். அந்த ஆண்டின் உற்பத்தி சுமார் 357 லட்சம் கோடி என்று மதிப்பிட்டார்கள். 15.69ஐ 357ஆல் வகுத்தால் கிடைப்பது 4.4 விழுக்காடு. லட்சம் கோடி என்று கேட்டபோது மலையாகத் தெரிந்தது, விழுக்காட்டிலே கடுகாகிவிட்டது!

இப்படி ஒப்பிடுவது பித்தலாட்டம் என்று நான் சொல்லவில்லை. மாதம் பத்தாயிரம் ரூபாய் சம்பாதிப்பவனுக்கு ஆயிரம் ரூபாய்க் கடன் சுமை. லட்சம் சம்பாதிப்பவனுக்கு அது தூசு. நாட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். வளரும் நாட்டிலே, வகுக்கும் எண் ஆண்டுதோறும் பெருகப் பெருக, பழைய கடனின் பாரம் இளைத்துக்கொண்டே வரும். ஆகவே உற்பத்தியோடு ஒப்பிடுவதிலே நியாயம் இருக்கிறது.

ஆனால், அதே தொகையை இன்னொரு எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். சர்க்காருக்கு வரும் வரவு 34.96 லட்சம் கோடி. வாங்கும் கடன் 15.69 லட்சம் கோடி. அதாவது, நூறு ரூபாய் வரவுள்ள வீட்டிலே நாற்பத்தைந்து ரூபாய் கைமாற்று! மேலும், அந்த ஆண்டு வட்டிக்கென ஒதுக்கிய தொகை மட்டும் 12 லட்சத்து 76 ஆயிரம் கோடி. புதிதாக வாங்கும் கடனிலே நூற்றுக்கு எண்பத்தொரு ரூபாய்க்குச் சமமான தொகை, பழைய கடனின் வட்டிக்கே போய்ச் சேருகிறது. 4.4 என்ற சிறிய எண்ணுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன.

கடன் குற்றமா?

துண்டு விழுவது புதுமையன்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை, 1947 நவம்பர் 26 அன்று, கோவை தந்த ஆர். கே. சண்முகம் செட்டியார் படித்தார். ஏழரை மாதங்களுக்கான கணக்கு அது. வரவு ஏறத்தாழ 171 கோடி, செலவு 197 கோடி. பிரிவினையின் இரத்தம் காயாத வேளை. அகதிகளுக்குச் சோறு போடவேண்டிய வேளை. அன்று விழுந்த துண்டு 26 கோடி. அதைக் குற்றம் என்று சொல்ல எவருக்கு மனம் வரும்?

கடன் என்பது கத்தியைப் போன்றது. காய் நறுக்கவும் உதவும், கையை அறுக்கவும் செய்யும். ஐம்பதாண்டு உழைக்கப்போகும் அணைக்கும் ஆலைக்கும் இருப்புப்பாதைக்கும் இன்றைய தலைமுறை மட்டுமே வரிகட்ட வேண்டும் என்பது நியாயமன்று. பயன் பெறப்போகும் நாளைய தலைமுறையும் பங்கு செலுத்தட்டும் என்று கடன் வாங்குவது முறையே. நாள்தோறும் அடுப்பெரிக்கக் கடன் வாங்குவதோ அழிவுக்கு வழி.

அழிவு எப்படி வரும் என்பதையும் இந்த நாடு கண்டிருக்கிறது. 1990-91இல் மத்திய சர்க்காரின் பற்றாக்குறை உற்பத்தியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் தொட்டது. அந்நியச் செலாவணிக் கையிருப்பு சில வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. 1991இல் நாட்டின் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி அடகு வைத்தார்கள். தாலியை விற்றுக் கடனடைக்கும் வீட்டுக்கும் அதற்கும் என்ன வேற்றுமை? ஆகவே, பற்றாக்குறைக்கு வரம்பு தேவையில்லை என்று வாதாடுவோரின் பக்கம் நாம் நிற்க முடியாது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. செலவு மிஞ்சினால் மட்டுமே துண்டு விழும் என்பதில்லை. வரவேண்டிய வரவைக் கைவிட்டாலும் விழும். மயிலைக்கும் ஆழ்வார்பேட்டைக்கும் பக்கத்திலே ஓடும் மௌப்ரேஸ் சாலைக்கு இன்று டி. டி. கே. சாலை என்று பெயர். அந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்தபோது, 1957இல், பொருளியலறிஞர் கால்டாரின் யோசனையை ஏற்றுச் செல்வ வரியை விதித்தார். மறு ஆண்டே முந்த்ரா விவகாரத்தில் பதவி துறக்க நேர்ந்தவர் அவர். அவருடைய அரசியலை ஏற்காதோரும் ஒன்றை ஒப்புக்கொள்வர்: உள்ளவனிடம் கேட்டுப் பெற்றால் துண்டு சிறிதாகும் என்ற கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் செல்வ வரியை 2015இல் ஒழித்தார்கள். ஆண்டுக்கு ஆயிரம் கோடி அளவே வசூலாகிறது, ஆகவே பயனில்லை என்றார்கள். அதற்குப் பதிலாக ஒரு கோடிக்கு மேல் வருமானமுள்ளோர்மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி போட்டார்கள். அதில் 9,000 கோடி வரும் என்றார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான்! ஆனால், செல்வ வரி மாநிலங்களோடு பங்கிட வேண்டிய வரி. மேல்வரியோ பங்கிட வேண்டாதது, முழுவதும் டில்லிக்கே. ஒரு வரி போய் இன்னொரு வரி வந்தது. இடையிலே மாநிலத்தின் பங்கு மாயமாய் மறைந்தது. பின்னர் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைத்தார்கள். ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி வரவு குறையும் என்று அவர்களே அறிவித்தார்கள். கம்பெனிகளுக்குக் கொடுத்ததும் பற்றாக்குறைதான். ஏழைக்குக் கொடுத்தால் மட்டும் அதற்கு ஊதாரித்தனம் என்று பெயர்!

மூன்று விழுக்காட்டுக் கயிறு

2003இல் மத்திய சர்க்கார் நிதிப் பொறுப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. பற்றாக்குறை உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது அதன் குறிக்கோள். இந்த 3 எங்கிருந்து வந்தது? 1992இல் ஐரோப்பிய நாடுகள் மாஸ்டிரிக்ட் நகரிலே செய்துகொண்ட உடன்படிக்கையிலும் இதே 3 இருந்தது. முதிர்ந்த ஐரோப்பாவின் அளவுச்சட்டை வளரும் இந்தியாவுக்கும் பொருந்துமா என்பது தனி வழக்கு. சட்டம் இயற்றியவர் அதற்குக் கட்டுப்பட்டாரா என்பதே நம் கேள்வி.

சட்டம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் மத்திய சர்க்காரின் பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய ஆண்டு ஒன்றே ஒன்று: 2007-08. அதன்பின் உலகப் பொருளாதாரத்திலே நெருக்கடி வந்தது. 6 விழுக்காட்டுக்கு ஏறியது. கெடுநாள் தள்ளிக்கொண்டே போயிற்று. 2018இல் சட்டத்தைத் திருத்தி, 2021 மார்ச்சுக்குள் 3ஆகக் குறைப்போம் என்று எழுதினார்கள். அந்த 2020-21இலே கொள்ளைநோய் வந்தது, பற்றாக்குறை 9.2 விழுக்காடாயிற்று. நோய்க்காலத்தில் செலவு செய்ததை நாம் குறைகூறவில்லை. செலவு செய்யாதிருந்தால்தான் குறைகூற வேண்டும். அடுத்த ஆண்டுகளில் 6.7, பிறகு 6.4, பிறகு 5.6 என்று மெல்ல இறங்கி, 2025-26க்கு 4.4 என்று திட்டமிட்டார்கள். இனி ஆண்டுப் பற்றாக்குறையை விட்டு, மொத்தக் கடனுக்கும் உற்பத்திக்கும் உள்ள விகிதத்தையே அளவுகோலாகக் கொள்வோம், 2031 மார்ச்சுக்குள் அதை 50 விழுக்காட்டின் அருகே கொண்டுவருவோம் என்றும் 2025இலே அறிவித்தார்கள். எட்டாத கோட்டை அழித்துவிட்டு வேறொரு கோடு கிழிக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது.

மாநிலங்களுக்கு? அரசியல் சட்டத்தின் 293ஆம் பிரிவு சொல்கிறது: மத்திய சர்க்காருக்குக் கடன்பட்டிருக்கும் மாநிலம், அதன் சம்மதமின்றி வெளியிலே கடன் வாங்கலாகாது. பழைய கடன் ஒரு ரூபாய் பாக்கியிருந்தாலும் சம்மதம் கேட்டாக வேண்டும். 2020-21 முதல், மாநிலங்களின் கட்டுமானச் செலவுக்கென ஐம்பதாண்டு வட்டியில்லாக் கடன் தருகிறார்கள். வட்டியில்லை என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் ஐம்பதாண்டுக் கடன் என்றால், ஐம்பதாண்டுக்கும் சம்மதம் கேட்டு நிற்கும் நிலையும் கூடவே வருகிறது அல்லவா?

அந்தச் சம்மதத்துக்கு அளவும் உண்டு, நிபந்தனையும் உண்டு. 2023-24 முதல் 2025-26 வரை, மாநில உற்பத்தியில் 3 விழுக்காடு. மின்துறையிலே டில்லி விரும்பும் சீர்திருத்தங்களைச் செய்தால் கூடுதலாக அரை விழுக்காடு. கொள்ளைநோய் ஆண்டிலே வரம்பை 5ஆக உயர்த்தினார்கள். அந்தக் கூடுதல் இரண்டிலே நிபந்தனையின்றிக் கிடைத்தது அரைதான். மீதிக்கு ரேஷன் அட்டை, மின்சாரம், நகராட்சி வரி, தொழில் அனுமதி என்று ஒவ்வொன்றிலும் சொன்னபடி நடக்க வேண்டும் என்றார்கள். கேரள சர்க்கார் இந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றது. 293ஆம் பிரிவின் பொருளை ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சட்ட அமர்வு ஆராய வேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் நாள் நீதிமன்றம் உத்தரவிட்டது. குடியரசு ஏற்பட்டு எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பிரிவின் பொருள் தீர்மானமாகவில்லை என்பதிலிருந்தே அதன் கனம் புலப்படும்.

இங்கே இன்னொரு விந்தையைக் கவனியுங்கள். மாநிலத்தின் வரம்பு மாநில உற்பத்தியைக் கொண்டு அளக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் உற்பத்தி பெரிது; அந்த உற்பத்தியின் வருமான வரி யாருக்கு? டில்லிக்கு. கம்பெனி வரி? டில்லிக்கு. ரங்கநாதன் தெருவிலே ஒரு சேலை விற்றால் சரக்கு சேவை வரியில் பாதி டில்லிக்கு. மறுபாதியின் விகிதத்தைக்கூட மாநிலம் தனித்துத் தீர்மானிக்க முடியாது. டில்லி திரட்டியதைப் பங்கிடும்போதோ, 2005 முதல் ஐந்தாண்டு 5.305 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு, அடுத்த ஐந்தாண்டு 4.969 ஆயிற்று, 2015 முதல் 4.023, 2021 முதல் 2026 வரை 4.079. உற்பத்தி எங்களுடையது என்று வகுக்கும் எண்ணாக வைக்கிறார்கள். அதிலே வரி விதிக்கும் கையை மட்டும் கட்டி வைக்கிறார்கள்.

மயிலைக்கு அடியில் ஒரு சாட்சி

இப்போது சாட்சியைக் கூண்டில் ஏற்றுவோம். மயிலையின் கச்சேரி சாலையிலும் லஸ் முனையிலும் மந்தைவெளியிலும் அண்மை ஆண்டுகளில் நடந்தவர் எவரும், சாலையைக் குறுக்கி நின்ற தகரத் தடுப்புகளைக் கண்டிருப்பர். சென்னை மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி அது. மூன்று வழித்தடங்கள், ஏறத்தாழ 119 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி. ஒரு தடம் கலங்கரை விளக்கத்திலிருந்து திருமயிலை, நந்தனம், பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லிக்கு. மற்றொன்று மாதவரத்திலிருந்து திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை வழியாக வந்து, அடையாற்றின் அடியிலே புகுந்து, அடையாறு சந்திப்பைத் தொட்டுச் சிறுசேரிக்கு. இரண்டும் மயிலையின் பூமிக்கடியில் சந்திக்கின்றன.

2020 நவம்பர் 21 அன்று, மத்திய உள்துறை அமைச்சரே சென்னைக்கு வந்து இதற்கு அடிக்கல் நாட்டினார். கல் நாட்டியாயிற்று, கடனை யார் கணக்கில் எழுதுவது? மாநிலத் திட்டம் என்றே டில்லி அதை வைத்திருந்தது. செலவில் ஏறத்தாழ 90 விழுக்காடு மாநிலத்தின் தலையில். ஜப்பானிய நிறுவனமும் ஆசிய வங்கிகளும் தரும் கடன் மாநிலத்தின் கடனாகக் கருதப்பட்டது. மாநிலத்தின் 3 விழுக்காட்டு வரம்புக்குள்ளே அது இடத்தைப் பிடித்துக்கொண்டது. சுரங்கத்துக்காக வாங்கிய ஒவ்வொரு கோடியும், பள்ளிக்கோ பாசனத்துக்கோ வாங்கியிருக்கக் கூடிய ஒரு கோடியை விழுங்கிற்று.

2024 அக்டோபர் 3 அன்று, அடிக்கல் நாட்டி மூன்றாண்டு பத்து மாதங்களுக்குப் பின், மத்திய அமைச்சரவை அதை மத்தியத் திட்டமாக ஏற்றது. செலவில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை மத்திய சர்க்கார் ஏற்கும். 33,593 கோடிக் கடன் முழுவதும் இனி மத்தியக் கடன். அந்த அளவுக்கு மாநிலத்தின் கடன் வாங்கும் இடம் விடுபட்டது. இது நம் கற்பனையன்று. மத்திய சர்க்காரின் அறிக்கையே சொன்னது.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். அக்டோபர் 2ஆம் நாள் மயிலையில் இருந்த அதே பள்ளம்தான் 4ஆம் நாளும் இருந்தது. அதே மண், அதே எந்திரம், அதே தொழிலாளி, அதே கடன். ஒரு பிடி மண்ணும் இடம் மாறவில்லை. மாறியது கணக்குப் புத்தகத்தின் பக்கம் மட்டுமே. அந்தப் பக்கத்தை மாற்றும் பேனா ஒருவர் கையிலே. அதற்காக ஏறத்தாழ நான்காண்டு காத்து நின்றது இன்னொருவர். ஏற்றுக்கொண்டதற்கு நன்றி கூறுவோம். அந்தப் பண்பாடு நமக்கு உண்டு. ஆனால், பற்றாக்குறை விகிதம் என்பது எண் மட்டுமன்று, அதிகாரம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சாட்சி வேறு வேண்டுமா?

பனகல் பூங்காவின் பழைய கணக்கு

அந்த வழித்தடத்தின் ஒரு நிலையம் பனகல் பூங்காவிலே அமைகிறது. அந்தப் பெயருக்குரிய பனகல் அரசர் 1921 முதல் 1926 வரை சென்னை மாகாணத்தின் முதல் அமைச்சராக இருந்தவர், நீதிக்கட்சித் தலைவர். அவர் கையில் வந்த மாகாணக் கஜானாவின் கதையைக் கேளுங்கள்.

1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி வரிகளை மத்திக்கும் மாகாணத்துக்கும் பிரித்தார்கள். பிரித்ததும் மத்தியிலே துண்டு விழுந்தது. அதை யார் ஈடுகட்டுவது? மெஸ்டன் பிரபுவின் குழு 1920இல் விடை சொன்னது: மாகாணங்கள் ஆண்டுக்கு 983 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அதிலே சென்னையின் பங்கு 348 லட்சம்! வங்காளத்துக்கு 63 லட்சம், பம்பாய்க்கு 56 லட்சம். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பாரம் நம் மாகாணத்தின் முதுகிலே. நிலவரி முழுவதும் இனி உங்களுக்கே வருகிறது, ஆகவே உங்களால் முடியும் என்பது அன்றைய வாதம். மாகாணங்களின் முறையீட்டுக்குப்பின் படிப்படியாகக் குறைந்து, அந்த 1920களின் இறுதியிலேதான் அந்தக் கப்பம் ஒழிந்தது. அதுவரை பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணம் தேடி அலைந்தவர்கள் மாகாண அமைச்சர்கள்.

டில்லியின் துண்டுக்குச் சென்னையின் துணியைக் கிழித்து ஒட்டுவது நூறாண்டுப் பழக்கம். வெள்ளையன் போனான், பழக்கம் போகவில்லை. இதை உணர்ந்தே 1969இல் தமிழ்நாட்டு அரசு, ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார் தலைமையிலே குழு அமைத்தது. அவர் மத்திய சர்க்காரின் நான்காவது நிதிக் கமிஷனுக்கே தலைவராக இருந்தவர், உள்ளிருந்து பார்த்தவர். கம்பெனி வரியும் பங்கிடப்பட வேண்டும் என்று அவர் குழு 1971இல் எழுதியது. அது நிறைவேற 2000ஆம் ஆண்டின் அரசியல் சட்டத் திருத்தம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே நியாயமான கோரிக்கை தோற்பதில்லை, தாமதமாகிறது. அந்தத் தாமதத்தைக் குறைப்பதே அரசியல் தொண்டனின் வேலை.

நம் வீட்டுக் கணக்கு

இதுவரை டில்லியை நோக்கி விரல் நீட்டினேன். மடங்கியிருக்கும் மற்ற விரல்கள் நம்மை நோக்குகின்றன. கைதட்டல் கிடைக்கும் இடத்தோடு நிறுத்திக்கொள்வது எளிது, அது நேர்மையன்று.

தமிழ்நாடு 2003லேயே தனக்கென நிதிப் பொறுப்புச் சட்டம் செய்துகொண்ட மாநிலம். ஆனால் 2013-14 முதல் பத்தாண்டுக்கும் மேலாக இங்கே வருவாய்ப் பற்றாக்குறை நீடித்தது. வருவாய்ப் பற்றாக்குறை என்றால் என்ன? சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுக்கே வரவு போதவில்லை என்று பொருள். 2021 ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2 லட்சத்து 63 ஆயிரத்து 976 ரூபாய்க் கடன் இருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னது. 2025-26க்கு மாநில சர்க்கார் திட்டமிட்ட நிதிப் பற்றாக்குறை ஏறத்தாழ 1 லட்சத்து 7 ஆயிரம் கோடி, உற்பத்தியில் 3 விழுக்காடு. கயிற்றின் எல்லைக்குள்தான்! ஆனால் அதிலே வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. நூறு ரூபாய்க் கடனில் முப்பத்தொன்பது ரூபாய், பாலமாகவும் அணையாகவும் ஆகாமல் அன்றாடச் செலவிலே கரைகிறது.

இதற்கு மத்திய சர்க்காரின் ஓரவஞ்சனை ஒரு காரணம். அது மட்டுமே காரணம் என்று சொன்னால் உண்மைக்கு மாறாகும். மின்வாரியத்தின் நட்டத்தை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது யார்? மதிப்பு ஏறிய மனைக்கும் மாளிகைக்கும் ஏற்ற வரி கேட்கத் தயங்கியது யார்? தேர்தல் வந்தால் அறிவிக்கவும், அது முடிந்தால் கடன் வாங்கவும் பழகியது எந்த ஒரு கட்சியும் மட்டுமன்று. ஏழைப் பெண்ணின் கைக்குப் போகும் உதவியை நான் குறைகூற மாட்டேன். அவள் வீட்டு அடுப்பு எரிவதும் நாட்டுப் பொருளாதாரமே. ஆனால் அதைக் கடனிலே அல்ல, வரவிலே கொடுக்கும் வலிமையைத் தேடவேண்டும். இல்லையேல், இன்று தாய்க்குக் கொடுத்ததை நாளை மகனிடம் வட்டியோடு வசூலிப்பவர் ஆவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம் பாட்டி சொன்ன பொருளாதாரம்.

கயிறு யார் கையில்?

மாற்றாரின் வாதம் ஒன்றுண்டு. ஒவ்வொரு மாநிலமும் விரும்பியபடி கடன் வாங்கினால், நாடு முழுவதும் வட்டி ஏறும். ஒரு மாநிலத்தின் ஊதாரித்தனம் எல்லோரையும் தாக்கும். ஆகவே ஒரு கடிவாளம் வேண்டும் என்கிறார்கள். வலிமையான வாதம், மறுக்கவில்லை. கடிவாளம் வேண்டும். ஆனால் பந்தயத்தில் ஓடும் குதிரைகளில் ஒன்றே மற்றவற்றின் கடிவாளத்தையும் பிடிக்கலாமா? எல்லோருக்கும் பொதுவான, எந்த அமைச்சரகத்துக்கும் கட்டுப்படாத நிதி மன்றம் வேண்டும் என்று என். கே. சிங் தலைமையிலான குழு 2017இலேயே பரிந்துரைத்தது. அந்த ஏட்டிலே தூசி படிய விடாமல், அதில் மாநிலங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்பதே நம் பணி.

ஆகவே, தொண்டர்களே, இனி அந்தக் கட்டம் கட்டிய எண்ணைக் கண்டால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் துண்டு எதனால் விழுந்தது. ஏழைக்குக் கொடுத்ததாலா, செல்வனிடம் கேட்காததாலா? இந்தக் கடன் எதற்கு. நாளைக்கு நிற்கும் பாலத்துக்கா, இன்றே கரையும் செலவுக்கா? இதை எவருடைய கணக்கில் எழுதுவது என்று தீர்மானித்தது யார்? இந்த மூன்றையும் டில்லியிடம் கேளுங்கள். அதே குரலில், அதே உரத்தோடு, கோட்டையிடமும் கேளுங்கள். கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால்தான் கணக்கெழுதுபவன் கை நடுங்கும்.

மயிலைக்கு அடியில் வண்டி ஓடும்போது, அதில் ஏறும் தொழிலாளி எந்த சர்க்காரின் கடனில் அது ஓடுகிறது என்று கேட்கமாட்டான். அவனுக்கு வேலைக்குப் போகும் நேரம் முக்கியம். ஆனால் அசலும் வட்டியும் அவன் உழைப்பிலிருந்தே போகின்றன. செலுத்துகிறவனுக்குக் கணக்குத் தெரிய வேண்டும். அதை அவனுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். வரும் கிழமை தெருமுனைக் கூட்டத்திலே, மற்றவற்றைப் பேசுமுன், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.